மிஸ்ஸிங் அடிக்கும் இன்ஜின்

நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினில் கிராங்க் தண்டு இரண்டு சுற்றுச் சுற்றும் நேரத்தில் ஒவ்வொரு சிலிண்டரும் ஒருமுறை எரிந்து உந்துகிறது. அரைச் சுற்றுக்கு ஓர் உந்துதல் என்பது கணக்கு. நான்கில் ஒன்று எரியாமல் போனாலும், அரைகுறையாக எரிந்தாலும், நேரம் தவறி எரிந்தாலும் அந்தச் சீர் குலைகிறது. வண்டி நடுங்கும், இழுவை குறையும், சைலன்ஸரில் ‘பட் பட்’ என்று விட்டுவிட்டுச் சத்தம் வரும். பட்டறைகளில் இதற்கு மிஸ்ஸிங் என்று பெயர்.

இந்த நடுக்கம் ஐடிலிங்கில்தான் அதிகம் தெரியும். நிமிடத்துக்கு 800 சுற்று என்ற வேகத்தில் நான்கு சிலிண்டரும் வேலை செய்தால் வினாடிக்கு சுமார் 27 உந்துதல்கள் கிடைக்கும். இவ்வளவு விரைவான அதிர்வை இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்டுகள் பெரும்பாலும் விழுங்கிவிடும். ஒரு சிலிண்டர் செத்துவிட்டால், வினாடிக்கு ஏழு முறைக்குச் சற்றுக் குறைவாக ஓர் இடைவெளி விழும். அந்த மெதுவான உலுக்கலை ரப்பரால் தடுக்க முடியாது. அது ஸ்டீயரிங் வரைக்கும் வந்து சேரும். இன்ஜின் 3000 சுற்றில் ஓடும்போது அதே இடைவெளி வினாடிக்கு 25 முறை வருவதால் மறுபடியும் ரப்பருக்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே வேகத்தில் நடுக்கம் நின்றுவிட்டது என்பதால் கோளாறும் நின்றுவிட்டது என்று பொருள் இல்லை.

இன்றைய வண்டிகளில் எந்தச் சிலிண்டர் தவறுகிறது என்பதைக் கணினியே பதிந்துவைக்கும். பழைய வண்டியில் அந்த வசதி கிடையாது. ஆனால் அதன் பாகங்கள் எல்லாமே கண்ணால் பார்த்து, கையால் கழற்றி, எளிய கருவிகளால் அளக்கக்கூடியவை. கோளாறு தன் அடையாளத்தை எப்போதும் வெளியே காட்டுகிறது. அதைச் சரியான வரிசையில் கேட்டு அறிவதே வேலை.

இந்த அத்தியாயத்துக்கு எடுத்துக்காட்டாக பி.எம்.சி. நிறுவனத்தின் பி-சீரிஸ் இன்ஜின் பொருத்தமானது. 73 மி.மீ. போர், 88.9 மி.மீ. ஸ்ட்ரோக், 1489 சி.சி. கொள்ளளவு கொண்ட இந்த இன்ஜின் இங்கிலாந்தில் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு, எம்.ஜி.ஏ. போன்ற வண்டிகளில் ஓடியது. மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த அம்பாசிடரில் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. அம்பாசிடர் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டாலும், பழைய பெட்ரோல் அம்பாசிடர்களின் பானட்டுக்குள் இன்றும் இதைக் காணலாம்.

எந்தச் சிலிண்டர்?

முதல் கேள்வி: கோளாறு ஒரு சிலிண்டரிலா, இரண்டிலா, நான்கிலுமா? இதற்கு விடை கிடைத்தால் சந்தேகிக்க வேண்டிய பாகங்களில் பெரும்பாலானவை பட்டியலிலிருந்து நீங்கிவிடும்.

விடை காணும் முறை எளிது. இன்ஜினை ஐடிலிங்கில் ஓடவிட்டு, ஒவ்வொரு பிளக்காகச் செயலிழக்கச் செய்ய வேண்டும். ரப்பர் உறையிட்ட குறட்டால் பிளக் வயரைக் கழற்றி, அதன் முனையை இன்ஜின் உலோகத்தில் தொட்டபடி வைப்பது நல்லது. வயரை அந்தரத்தில் தொங்கவிட்டால் உயர் மின்னழுத்தம் வெளியேற வழியின்றி ரோட்டாரையோ காயிலையோ துளைத்துக்கொண்டு போகும். வேலை தொடங்கும் முன் பெட்ரோல் கசிவு எங்கும் இல்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது.

வயரை எடுத்ததும் இன்ஜின் வேகம் குறைந்து தள்ளாடினால் அந்தச் சிலிண்டர் அதுவரை உழைத்துக்கொண்டிருந்தது என்று அர்த்தம். எந்த மாற்றமும் இல்லை என்றால் அது ஏற்கெனவே செத்த சிலிண்டர். நான்கிலும் ஒரே அளவு மாற்றம் தெரிந்தால் குறை பொதுவானது.

பி-சீரிஸ் இன்ஜினில் இந்த விடைக்குக் கூடுதல் மதிப்பு உண்டு. அதன் சிலிண்டர் ஹெட்டில் கலவை நுழைய நான்கு வழிகள் இல்லை, இரண்டே வழிகள். முதல் சிலிண்டரும் இரண்டாவதும் ஒரு வழியைப் பகிர்கின்றன. மூன்றாவதும் நான்காவதும் இன்னொன்றைப் பகிர்கின்றன. புகை வெளியேறும் பக்கத்தில் ஒன்றுக்கும் நான்குக்கும் தனி வழி. நடு இரண்டுக்கும் பொது வழி. எனவே 1, 2 ஆகிய இரண்டும் சேர்ந்து பலவீனமாக இருந்து, அமுக்கமும் சரியாக இருந்தால், அந்த முனையில் மேனிஃபோல்டு கேஸ்கெட் காற்றை உறிஞ்சுகிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டில் அமுக்கமே குறைந்திருந்தால் அவற்றுக்கு நடுவே ஹெட் கேஸ்கெட் எரிந்திருக்கலாம். ஒன்று மட்டும் செத்திருந்தால் அந்தச் சிலிண்டரின் பிளக், வயர், வால்வு, பிஸ்டன் வளையம் ஆகியவற்றுக்குள் தேடல் முடிந்துவிடும். நான்கும் சேர்ந்து தடுமாறினால் நான்குக்கும் பொதுவான காயில், பாயிண்ட், கண்டென்சர், ரோட்டார், கார்புரேட்டர், டைமிங் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

எப்போது?

இரண்டாவது கேள்வி, மிஸ்ஸிங் எந்த நிலையில் வருகிறது என்பது. ஐடிலிங்கில் மோசமாகவும் வேகத்தில் நன்றாகவும் ஓடினால் காற்றுக் கசிவு முதல் சந்தேகம். ஐடிலிங்கில் த்ராட்டில் ஏறத்தாழ மூடியிருக்கும். இன்ஜின் உள்ளிழுக்கும் மொத்தக் காற்றே கொஞ்சம். விரிசல் வழியே நுழையும் சிறு காற்றும் அப்போது கலவையை வெகுவாக மாற்றிவிடும். த்ராட்டில் திறந்ததும் அதே கசிவு மொத்தக் காற்றில் அற்பப் பங்காகிவிடுகிறது. லேசாகக் கசியும் வால்வும் இப்படியே நடந்துகொள்ளும். வேகம் கூடும்போது அமுக்கம் கசிந்து போக நேரம் இருப்பதில்லை.

இதற்கு நேர்மாறாக, ஐடிலிங்கில் நன்றாக ஓடி, மேட்டில் ஏறும்போது தடுமாறினால் தீப்பொறியைச் சந்தேகிக்க வேண்டும். வாயு அடர்த்தியாக இருக்கும்போது பிளக்கின் இடைவெளியைத் தாண்டக் கூடுதல் மின்னழுத்தம் வேண்டும். ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போது சிலிண்டருக்குள் கலவை நிறைந்து அடர்த்தி உச்சத்தில் இருக்கும். பலவீனமான காயிலோ விரிசல் கண்ட டிஸ்ட்ரிபியூட்டர் மூடியோ அந்தத் தேவையைத் தாங்காது. நீண்ட நேரம் வேகமாக ஓடிய பிறகு மட்டும் இன்ஜின் பெட்ரோலுக்குத் தவிப்பதுபோல் தளர்ந்தால் பம்ப், வடிகட்டி, டாங்க் குழாய் ஆகியவற்றில் அடைப்பு இருக்கலாம். சூடேறிய பிறகே கோளாறு வந்து, ஆறியதும் மறைந்தால் காயில், கண்டென்சர், அல்லது பெட்ரோல் குழாயில் ஆவி அடைப்பு என்று தேட வேண்டும்.

அமுக்கம்

பெட்ரோல் இன்ஜின் ஓட அமுக்கம், சரியான நேரத்தில் தீப்பொறி, சரியான கலவை ஆகிய மூன்றும் வேண்டும். சோதனையும் இதே வரிசையில் செல்ல வேண்டும். அமுக்கம் இல்லாத சிலிண்டரைக் கார்புரேட்டர் திருகால் உயிர்ப்பிக்க முடியாது. மாறாக, ஒரு சிலிண்டரின் நோய்க்காக மற்ற மூன்றின் கலவையும் கெடும்.

அளவெடுக்கும்போது இன்ஜின் சூடாக இருக்க வேண்டும். நான்கு பிளக்குகளும் கழற்றப்பட்டிருக்க வேண்டும். த்ராட்டில் முழுக்கத் திறந்திருக்க வேண்டும். பாட்டரி பலமாக இருக்க வேண்டும். காயிலுக்குச் செல்லும் மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, ஒவ்வொரு பிளக் துளையிலும் அமுக்கமானியைப் பொருத்தி ஸ்டார்ட்டரால் சில சுற்றுகள் சுழற்றிப் பார்ப்பார்கள். அளவு எவ்வளவு என்பதைவிட நான்கும் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதே முக்கியம். வேறுபாடு 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது.

ஒரு சிலிண்டர் குறைவாகக் காட்டினால் அதற்குள் ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு மறுபடியும் அளக்க வேண்டும். அளவு ஏறினால், பிஸ்டன் வளையங்களின் இடைவெளியை ஆயில் அடைத்திருக்கிறது, தேய்மானம் அங்கே. ஏறாவிட்டால் கசிவு வால்விலோ ஹெட் கேஸ்கெட்டிலோ இருக்கிறது.

வால்வு கசிகிறது என்றதும் ஹெட்டைக் கழற்றிவிட வேண்டியதில்லை. ராக்கர் கைக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளியை, அதாவது டேப்பட் இடைவெளியை, முதலில் பார்க்க வேண்டும். இந்த வகை இன்ஜின்களில் அது சுமார் 0.4 மி.மீ.; துல்லியமான அளவை வண்டியின் கையேட்டிலிருந்தே எடுக்க வேண்டும். எட்டு வால்வுகளையும் வரிசையாக எண்ணினால் இதற்கு ஒரு சுலபக் கணக்கு உண்டு: முழுக்கத் திறந்திருக்கும் வால்வின் எண்ணை ஒன்பதிலிருந்து கழித்தால், இடைவெளி பார்க்க வேண்டிய வால்வின் எண் கிடைக்கும். எட்டாவது திறந்திருக்கும்போது முதலாவதையும், மூன்றாவது திறந்திருக்கும்போது ஆறாவதையும் சரிசெய்யலாம்.

இடைவெளி அதிகமானால் ‘டக் டக்’ என்று சத்தம் கேட்கும். குறைந்தால் சத்தமே இராது, ஆபத்து மட்டும் அதிகம்: வால்வு இருக்கையில் முழுதாக அமராமல் எரிந்த வாயுவைக் கசியவிடும், விரைவில் அதன் விளிம்பு கருகிவிடும். இந்தியாவில் 2000 பிப்ரவரி 1 முதல் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை நின்ற பிறகு இது முக்கியமாகிவிட்டது. ஈயத்தின் படிவு பழைய ஹெட்களின் வார்ப்பிரும்பு வால்வு இருக்கைகளைத் தேயாமல் காத்துவந்தது. அது இல்லாதபோது, நீண்ட வேக ஓட்டத்தில் இருக்கை தேய்ந்து வால்வு உள்ளே இறங்கும். டேப்பட் இடைவெளி தானாகவே குறைந்துகொண்டே வரும். கடினப்படுத்திய இருக்கை வளையங்களைப் பொருத்துவதே இதற்கு நிரந்தரத் தீர்வு.

தீப்பொறி

காயிலுக்குள் தடித்த கம்பியில் சில நூறு சுற்றுகளும், மெல்லிய கம்பியில் பல்லாயிரம் சுற்றுகளும் இருக்கும். பாயிண்ட் மூடியிருக்கும்போது 12 வோல்ட் பாட்டரி மின்சாரம் தடித்த கம்பியில் பாய்ந்து காந்தப்புலத்தை உருவாக்குகிறது. பாயிண்ட் திறந்ததும் மின்சாரம் அறுபடுகிறது; காந்தப்புலம் சரிகிறது; அந்தச் சரிவு மெல்லிய கம்பியில் பல ஆயிரம் வோல்ட்டைத் தூண்டுகிறது. அமெரிக்கப் பொறியாளர் சார்ல்ஸ் கெட்டரிங் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய இந்த அமைப்பு, மின்னணுப் பற்றவைப்பு வரும்வரை உலகெங்கும் நிலைத்தது.

தீப்பொறி பாயிண்ட் திறக்கும் கணத்தில்தான் பிறக்கிறது. எனவே மின்சாரம் எவ்வளவு சட்டென்று அறுபடுகிறதோ அவ்வளவு மின்னழுத்தம் எழும். பாயிண்ட்டுக்கு இணையாக இருக்கும் கண்டென்சரின் வேலை இதுதான். அது இல்லையென்றால் பாயிண்ட்டின் இடைவெளியிலேயே மின்பொறி நீண்டு எரியும். மின்சாரம் மெதுவாக அடங்கும். காயில் தரும் அழுத்தம் விழுந்துவிடும். கண்டென்சர் பழுதானால் பாயிண்ட் முனைகள் விரைவில் கருகிக் குழிவிழுவதும், பாயிண்ட்டில் நீலப் பொறி பளிச்சென்று தெரிவதும் அடையாளங்கள். பாயிண்ட்டை மட்டும் மாற்றினால் புதியதும் சில நாட்களில் கருகிவிடும்.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறத்தில் மயிரிழை போன்ற கரிக்கோடு தெரிந்தால் மின்சாரம் அதன் வழியே பக்கத்து முனைக்குத் தாவுகிறது என்று பொருள். மழைக்காலத்தில் காலையில் மட்டும் மிஸ்ஸிங் வருவதற்கு மூடிக்குள் படியும் ஈரம் காரணமாகலாம். இருட்டில் இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தால், காப்புறை வெடித்த பிளக் வயரிலிருந்து நீலப் பொறிகள் வெளியேறுவது கண்ணுக்கே தெரியும்.

கழற்றிய பிளக்குகளைச் சிலிண்டர் வரிசை மாறாமல் வைத்துப் பார்க்க வேண்டும். காப்புமுனை இளம்பழுப்பாக இருந்தால் எரிதல் சரி. உலர்ந்த கரிப்புகை படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. ஈரமான கருமையும் எண்ணெய்ப் பிசுக்கும் இருந்தால் வளையங்கள் அல்லது வால்வு வழிகாட்டி வழியே ஆயில் இறங்குகிறது. வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு அல்லது அதிக வெப்பம். பெட்ரோலில் நனைந்து கருகாமல் இருந்தால் அங்கே தீப்பொறியே விழவில்லை. பொது வழியைப் பகிரும் சிலிண்டர்களுக்குக் கலவை துல்லியமாகச் சமமாகப் பிரிவதில்லை என்பதால், பி-சீரிஸில் நிறத்தில் சிறு வேறுபாடு இயல்பே.

நேரம்

தீப்பொறி விழுந்ததும் கலவை முழுதும் ஒரே கணத்தில் எரிந்துவிடுவதில்லை. எரிதல் 2 மில்லிவினாடி எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 1000 சுற்று வேகத்தில் அதற்குள் கிராங்க் 12 டிகிரி திரும்பிவிடும். 4000 சுற்றில் 48 டிகிரி. பிஸ்டன் உச்சியைத் தாண்டிச் சிறிது இறங்கும்போது அழுத்தம் உச்சத்தை எட்ட வேண்டுமானால், வேகம் கூடக்கூடத் தீப்பொறியை முன்கூட்டியே விட வேண்டும். வேகம் கூடும்போது கலவைக்குள் சுழற்சியும் கூடி எரிதல் விரைவுபடுவதால், முழுக் கணக்கு அளவுக்கு முன்னேற்றம் தேவைப்படாது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் சிறு எடைகள் இந்த முன்னேற்றத்தைத் தருகின்றன. மேனிஃபோல்டு உறிஞ்சுதலால் அசையும் ஒரு சவ்வு, ஆக்ஸிலரேட்டரைக் குறைவாக மிதித்து ஓட்டும்போது மேலும் சற்று முன்னேற்றம் சேர்க்கிறது. இந்தச் சவ்வு கிழிந்தால் இரட்டை நட்டம்: முன்னேற்றமும் போகும், கிழிசல் வழியே காற்றும் கசியும்.

பாயிண்ட் இடைவெளியும் டைமிங்கும் ஒன்றோடொன்று பிணைந்தவை. லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டர்களில் இடைவெளி பொதுவாக 0.35 முதல் 0.40 மி.மீ. வரை. இடைவெளி குறைந்தால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், டைமிங் பின்வாங்கும், கூடினால் முன்னேறும். ஆகவே முதலில் பாயிண்ட், பிறகுதான் டைமிங். டிஸ்ட்ரிபியூட்டர் தண்டின் புஷ் தேய்ந்து தண்டு ஆடினால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இடைவெளி வெவ்வேறாகிவிடும். டைமிங் விளக்கின் ஒளியில் குறி ஓரிடத்தில் நிற்காமல் அலையும். அந்நிலையில் எவ்வளவு சரிசெய்தாலும் ஐடிலிங் நிலைக்காது. பழுது பார்த்த உடனேயே இன்ஜின் மோசமாக ஓடினால், 1-3-4-2 என்ற எரிவரிசையில் பிளக் வயர்கள் இடம் மாறியிருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும்.

காற்றும் பெட்ரோலும்

ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். இந்த விகிதத்திலிருந்து வெகுதூரம் விலகினால் தீப்பொறி நன்றாக இருந்தாலும் தீ பரவாது.

கார்புரேட்டரைத் தொடும் முன் காற்றுக் கசிவைத் தேட வேண்டும். மேனிஃபோல்டில் பொருத்திய வெற்றிடமானி, நல்ல இன்ஜினில் ஐடிலிங்கின்போது 17 முதல் 22 அங்குலப் பாதரச அளவில் அசையாமல் நிற்கும். அளவு தாழ்ந்து நிலையாக நின்றால் பின்வாங்கிய டைமிங் அல்லது காற்றுக் கசிவு. முள் ஒழுங்கான இடைவெளியில் வெட்டி விழுந்தால் ஒரு வால்வு சரியாக மூடவில்லை. இரு அளவுகளுக்கு நடுவே மெதுவாக மிதந்தால் கலவைக் குறை. கசியும் இடத்தை அறிய, மேனிஃபோல்டு இணைப்புகளில் சோப்பு நீரைச் சிறிது தெளித்து இன்ஜின் சத்தம் மாறுகிறதா என்று கவனிக்கலாம். சூடான இன்ஜினில் பெட்ரோலைத் தெளித்துப் பார்க்கும் வழக்கம் தீவிபத்தில் முடியக்கூடியது.

பிரிட்டிஷ் வண்டிகளில் பரவலாக இருந்த எஸ்.யூ. கார்புரேட்டரில் காற்றோட்டத்துக்கேற்ப ஒரு பிஸ்டன் ஏறி இறங்கும். அதோடு இணைந்த கூம்பு ஊசி பெட்ரோல் துளையைத் திறந்து மூடும். பிஸ்டன் அழுக்கால் ஒட்டிக்கொண்டால் கலவை எல்லா வேகத்திலும் கெடும். விரலால் தூக்கி விட்டால் ‘டொக்’ என்று தடையின்றி விழ வேண்டும். மேலே இருக்கும் குழாயில் ஆயில் வற்றினால், ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று மிதிக்கும்போது பிஸ்டன் வேகமாகத் துள்ளி எழும். கலவையில் பெட்ரோல் குறைந்து இன்ஜின் ஒரு கணம் தடுக்கும்.

கலவையை அறிய, ஐடிலிங்கில் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்க வேண்டும். வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். இன்ஜின் தள்ளாடி அணையப்பார்த்தால் குறைவு. ஒரு கணம் லேசாக ஏறி மீண்டும் பழைய வேகத்துக்கு வந்தால் சரி. த்ராட்டில் தண்டு தேய்ந்து ஆடினால் அதன் ஓரமாகக் காற்று நுழையும். எந்தத் திருகும் அதைச் சரியாக்காது, தண்டையோ புஷ்ஷையோ மாற்ற வேண்டும்.

பெட்ரோல் ஒரே வெப்பநிலையில் கொதிக்கும் திரவம் அல்ல. அதன் இலகுவான கூறுகள் சுமார் 35 டிகிரியிலேயே ஆவியாகத் தொடங்கும். கோடை நெரிசலில் நிற்கும் வண்டியின் பானட்டுக்குள், எக்ஸாஸ்ட் குழாய்க்கு அருகே செல்லும் பெட்ரோல் குழாயில் ஆவிக் குமிழிகள் உருவாகிப் பம்பை ஏமாற்றும். குழாயைச் சூட்டிலிருந்து விலக்கிக் கொண்டுபோவதும் வெப்பத் தடுப்புத் தகடு வைப்பதும் நிரந்தரத் தீர்வுகள்.

எத்தனால் கலந்த பெட்ரோல்

இந்தியாவில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்து, 2025க்குள் பரவலாகிவிட்டது. எத்தனால் முழுமையாக எரிய அதன் எடையைப்போல் ஒன்பது மடங்கு காற்றே போதும். அதனால் இந்தக் கலப்பு எரிபொருளுக்குத் தேவையான விகிதம் 13.5 அளவுக்கு இறங்கிவிடுகிறது. பழைய பெட்ரோலுக்கு ஏற்பச் சீர்செய்த கார்புரேட்டர் அதே அளவு எரிபொருளைத்தான் விடும். விளைவாக நான்கு சிலிண்டரும் எரிபொருள் குறைந்த கலவையில் ஓடும், ஐடிலிங் தளரும், குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யச் சோக் அதிக நேரம் தேவைப்படும். எஸ்.யூ. கார்புரேட்டரில் ஜெட்டைச் சற்று இறக்கி இதை ஓரளவு ஈடுகட்டலாம்.

எத்தனால் பழைய ரப்பர் குழாய்களை இளக்கி உரிக்கும். உரிந்த துகள்கள் ஜெட்டிலும் மிதவை வால்விலும் அடைத்துக்கொள்ளும். காற்றின் ஈரத்தையும் அது ஈர்க்கும். நீர் ஓர் அளவைத் தாண்டினால் எத்தனாலும் நீரும் பெட்ரோலிலிருந்து பிரிந்து டாங்கின் அடியில் தங்கும். மாதக்கணக்கில் நிறுத்திவைத்த வண்டி ஸ்டார்ட் ஆனதும் தடுமாறினால், வேறெதையும் தொடும் முன் டாங்கையும் மிதவை அறையையும் வடித்துப் பார்ப்பது நல்லது. எத்தனாலைத் தாங்கும் குழாய்களும் புதிய வடிகட்டியும் இத்தகைய வண்டிக்கு அவசியம்.

சரிசெய்யும் வரிசை

முழு டியூனிங்கின் வரிசை இதிலிருந்து தெளிவாகிறது: அமுக்கச் சோதனை, டேப்பட் இடைவெளி, பிளக், பாயிண்ட், டைமிங், காற்றுக் கசிவு, கடைசியாகக் கார்புரேட்டர். ஒவ்வொரு படியும் அதற்கு முந்தைய படி சரியாக இருக்கிறது என்ற அடிப்படையில் நிற்கிறது. கார்புரேட்டர் கோளாறு என்று பட்டறைக்கு வரும் வண்டிகளில் பல, பற்றவைப்பைச் சரிசெய்ததும் சரியாகிவிடுவது இதனால்தான்.

ஒரு நேரத்தில் ஒரு பாகத்தை மட்டும் மாற்றி, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இன்ஜினை ஓட்டிப் பார்க்க வேண்டும். பிளக், பாயிண்ட், கண்டென்சர், காயில் அனைத்தையும் ஒரே மூச்சில் மாற்றினால் மிஸ்ஸிங் நிற்கலாம். எது கெட்டிருந்தது என்பது தெரியாமலே போகும். புதிய பாகங்களில் ஒன்று குறையுள்ளதாக இருந்தால் குழப்பம் இன்னும் கூடும். கழற்றிய பழைய கண்டென்சரும் ரோட்டாரும் நல்ல நிலையில் இருந்தால் அவற்றை வண்டியிலேயே பத்திரப்படுத்தி வைப்பது வழக்கம். ஒப்பிட்டுப் பார்க்கவும் வழியில் அவசரத்துக்கும் அவை உதவும்.

இறுதியில் சூடான இன்ஜினில் ஐடிலிங்கைப் பார்த்து, மேடுள்ள சாலையில் முழு ஆக்ஸிலரேட்டரில் ஓட்டி, அரை மணி நேரம் நெரிசலில் நிறுத்தி, மறுநாள் காலை குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். சுமை, சூடு, குளிர் ஆகிய நிலைகளில் எதில் முதலில் குறை வெளிப்பட்டதோ அதில் சீராக ஓடினால்தான் பழுது தீர்ந்தது என்று கொள்ளலாம்.